மீன்பிடித் தரவுத் தளம்: இறங்குதுறைத் தாளிலிருந்து தேசியக் கணக்கு வரை

இறங்குதுறையில் கணக்கெடுப்பாளர் எழுதிவைக்கும் ஒரு வரி இப்படி இருக்கும்: “தெமெனுங் 2 தோங், 1 ராகா. 8 டெப்பா. பாஜா கொஞ்சம்.” தெமெனுங் ஒரு மீன், தோங் ஐஸ் போட்ட பெட்டி, ராகா கூடை, டெப்பா கடலாழ அளவு, பாஜா கழிவு மீன். தேசியத் தளம் கேட்பது வேறு: எந்த இனம், எத்தனை கிலோ, எந்த வலை, எந்தக் கடற்பரப்பு, எந்தத் தேதி. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் தூரம்தான் மொத்த வேலையும். இணையப் பக்கம், வரைபடம், வண்ணக் கோடுகள் எல்லாம் மூன்று வாரத்தில் எழுந்து நின்றுவிடும். அந்த ஒற்றை வரியைப் பொருள் கெடாமல் எண்ணாக்குவதற்குத்தான் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.

இங்கே எழுதுவது மலேசியாவின் பினாங்கில் பத்து மவுங், தெலுக் பஹாங், தெலுக் கும்பார் மாதிரியான துறைகளை மனத்தில் வைத்துக் கட்டிச் சோதித்த ஒரு மாதிரித் தளம் பற்றி. அரசாங்கத்தின் அதிகாரபூர்வத் தளம் அல்ல. ஆனால் ஒரு நாடு முழுவதற்கும் விரிக்கக்கூடியபடி அமைத்தது.

பாகங்கள்

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், இடக்கணக்குக்கு அதன் மேல் போஸ்ட்ஜிஐஎஸ். பக்கங்களும் பயனர் உரிமைகளும் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தில். வரைபடம் லீஃப்லெட்டில், அடித்தளமாக ஓபன்ஸ்ட்ரீட்மேப். துறையில் பதிவுசெய்ய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடிகே என்ற தரவு சேகரிப்புச் செயலியின் படிவம். எல்லாம் திறமூலம், பராமரிப்பு கைமாறினாலும் உரிமக் கட்டணம் என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். இதே பாணி ஏற்கெனவே ஓடிக்காட்டியது. பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட வேர்ல்டுஃபிஷ் நிறுவனம் திமோர்-லெஸ்தேயில் பெஸ்காஸ் என்ற திறமூல அமைப்பை, கைப்பேசிக் கணக்கெடுப்பையும் படகில் பொருத்திய சூரியசக்தி இடங்காட்டியையும் இணைத்து, நாடு தழுவிய அளவில் நடத்தியிருக்கிறது. சிறுபடகு மீன்பிடிப்புக்குத் தளம் கட்டுகிறவர்கள் முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சேவையகம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். 300 துறை, ஒரு துறையில் நாளுக்கு 10 படகு, மாதம் 20 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 720,000 கரையிறக்கம். ஒவ்வொன்றிலும் சராசரி 4 இனம் என்றால் 2,880,000 வரி. போஸ்ட்கிரெஸுக்கு இது சுமையே இல்லை. 4 கோர், 16 ஜிபி நினைவகம், 200 ஜிபி எஸ்எஸ்டி போதும். இடத்தை விழுங்குவது படங்கள். கைப்பேசி எடுக்கும் படம் 4 எம்பி என்றால், கரையிறக்கத்துக்கு ஒரு படம் வீதம் ஆண்டுக்கு 2.88 டிபி. ஓடிகே படிவத்திலேயே படத்தின் நீளப்பக்கம் 1024 புள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டால் ஒரு படம் ஏறத்தாழ 200 கேபி ஆகும். ஆண்டுக்கு 144 ஜிபி. அதையும் தரவுத்தளத்துக்குள் வைக்காமல் தனிக் கிடங்கில் வைத்து, தரவுத்தளத்தில் முகவரியை மட்டும் எழுத வேண்டும். படம் உள்ளே இருந்தால் இரவு நகலெடுப்பு விடியும்வரை முடியாது.

துறைக்கு வேண்டிய கைச்சாமான்: ஒரு கைப்பேசி, 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர்பேங்க், 30 கிலோ தாங்கும் மின்னணுத் தொங்கு தராசு, 50 செ.மீ. அளவுப் பலகை, ஸிப் பை, ஈரம் தாங்கும் தாள் கட்டு, பென்சில். தாளும் பென்சிலும் எதற்கு என்று கேட்கலாம். கடல்நீரில் நனைந்த விரலைத் தொடுதிரை ஒழுங்காக உணராது. செதில் ஒட்டிய விரலால் 12 அடிக்கப்போய் 112 விழும். எடை போடும்போது தாளில் எழுதி, கையைத் துடைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்து வந்தது. தாளைப் படம் எடுத்துப் படிவத்தோடு அனுப்பவேண்டும்; பிற்பாடு சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

இரண்டு அட்டவணை

இந்தத் தளத்தின் அமைப்பில் பெரிய முடிவு இது ஒன்றே. துறையில் சொன்னது, பார்த்தது, நிறுத்தது ஓர் அட்டவணையில். அதிலிருந்து நாம் கணக்கிட்டது வேறோர் அட்டவணையில். முதலாவதில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது. தரவுத்தளப் பயனருக்கே சேர்க்கும் உரிமை மட்டும் உண்டு, மாற்றும் உரிமையும் நீக்கும் உரிமையும் எடுத்துவிடப்பட்டன. திருத்தம் வேண்டுமென்றால் புதிய வரி, அதோடு பழைய வரியின் எண்ணும் காரணமும்.

முதல் அட்டவணையின் நெடுவரிசைகள்: சொன்ன பெயர், சொன்ன அளவு, சொன்ன அலகு, கொள்கலன், மீனின் நிலை (பச்சை, ஐஸ் போட்டது, குடல் எடுத்தது, அவித்தது, காய்ந்தது), முழு நிறையா மாதிரியா. இரண்டாவதில்: இனக் குறியீடு, கிலோ, பயன்படுத்திய மாற்றுக் காரணி, அந்தக் காரணியின் பதிப்பு எண். இரண்டாவது அட்டவணையை முழுக்க அழித்துவிட்டு முதலாவதிலிருந்து மறுபடி உருவாக்க முடியவேண்டும். வாரம் ஒரு முறை இரவில் அப்படியே செய்து, மொத்தம் ஒரு கிலோ பிசகாமல் வருகிறதா என்று நிரலே ஒப்பிடுகிறது. பிசகினால் யாரோ கணக்கிட்ட அட்டவணையில் நேரடியாகக் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இப்படிப் பிரிக்காத முதல் வடிவத்தில் சிக்கலானது காத்தி என்ற பழைய எடை அலகு. சந்தையில் இன்னும் காத்திக் கணக்கு போகவில்லை. எடைகள் அளவுகள் சட்டம் 1972-இல் வந்து மெட்ரிக் முறை நிலைத்த பிறகும் வயதான வியாபாரிகள் வாயில் காத்திதான். படிவம் கைப்பேசியிலேயே காத்தியைக் கிலோவாக்கி, கிலோவை மட்டும் அனுப்பியது. காரணியாக 0.6 போட்டிருந்தது. மலேசியக் காத்தி 604.79 கிராம். இதனால் வந்த பிழை 1 விழுக்காட்டுக்கும் கீழ், அது தாங்கக்கூடியது. சிக்கல் வேறிடத்தில். சிலர் அரைக் கிலோவையே பேச்சுவாக்கில் காத்தி என்பார்கள். 25 காத்தி என்பது 15.12 கிலோவா, 12.5 கிலோவா? சொன்ன அலகும் சொன்ன இடமும் பதிவில் இருந்தால் துறைவாரியாகத் திருத்திக்கொள்ளலாம். கிலோ மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த மாதங்களின் எண்ணை எவராலும் மீட்க முடியாது.

தோங், ராகா, தண்ணீர்

கொள்கலன் எடையைக் கழிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் தப்பு இங்கேதான் அதிகம். ஈரமான பிளாஸ்டிக் ராகா ஒன்று 1.6 கிலோ நின்றது. 14 ராகா நிறுத்தால் 22.4 கிலோ கூடைக் கனம். காய்ந்த ராகாவை நிறுத்துக் கழித்தால் ஒட்டிய நீர் மீன் கணக்கில் ஏறும். எனவே மீன் இறக்கிய உடனே, நனைந்தபடியே, மூன்று ராகாவை நிறுத்துச் சராசரியை அன்றைய கழிவெடையாக எழுதுகிறோம். படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் படிவம் முன்னே நகராது.

தோங் இன்னும் சிரமம். பாதிக்குப் பாதி ஐஸ். தவுக்கே, அதாவது மீன் முதலாளி, “நூறு கிலோ தோங்” என்று சொல்வது பெட்டியின் கொள்ளளவு. உள்ளே இருக்கும் மீனின் நிறை அல்ல. தோங்கை அலகாக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் கிலோவாக்கும் காரணியைத் துறை, மீன் வகை, பருவம் மூன்றுக்கும் தனியாக அளந்து, தேதியோடு வைக்கவேண்டும். ஒவ்வொரு துறையிலும் மாதம் ஐந்து தோங்கைக் கொட்டி, ஐஸை வடித்து, மீனை மட்டும் நிறுப்பது. கொட்ட விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். லோரியில் ஏற்றுமுன் தரம் பிரிக்க எப்படியும் கொட்டுவார்கள், அந்த நேரத்துக்குத் தராசோடு நின்றால் போதும்.

நெத்திலிக்குத் தனி எச்சரிக்கை. படகிலேயே உப்புநீரில் அவித்து வருவது உண்டு, கரையில் காயவைத்து விற்பது உண்டு. உலக உணவு வேளாண் அமைப்பு கேட்பது உயிர் எடை, அதாவது கடலிலிருந்து எடுத்தபோது இருந்த எடை. காய்ந்த நெத்திலியின் கிலோவை அப்படியே பச்சை மீனோடு கூட்டினால் நெத்திலிப் பிடிப்பு பல மடங்கு குறைந்து தெரியும். அதனால்தான் நிலை என்ற நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பு எதுவும் தரவில்லை. கணக்கெடுப்பாளர் தேர்ந்தே ஆகவேண்டும். இயல்பாகப் “பச்சை” என்று வைத்தால் நூற்றுக்கு நூறும் பச்சையாகவே வந்து சேரும்.

நீளம் அளப்பதிலும் இப்படி ஒன்று. கானாங்கெளுத்தியின் வால் கவட்டையாகப் பிரிந்திருக்கும். மூக்கிலிருந்து கவட்டையின் உள்மூலை வரை அளப்பது ஒன்று, வால் நுனி வரை அளப்பது இன்னொன்று. எடை நீளத்தின் கிட்டத்தட்ட மூன்றாம் அடுக்கில் போவதால், நீளத்தில் 10 விழுக்காடு கூடினால் கணக்கிட்ட எடை 33 விழுக்காடு கூடிவிடும். அளவுப் பலகையிலேயே கவட்டை மூலையைக் காட்டும் படத்தை ஒட்டிவிட்டோம். படிவத்தில் எழுதிய விளக்கத்தை யாரும் படிப்பதில்லை. பலகையில் இருப்பதைக் கண் தானாகப் பார்க்கிறது.

ஒரு மீனுக்கு எத்தனை பெயர்

இனக் குறியீட்டுக்கு உலக உணவு வேளாண் அமைப்பின் மூவெழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்வது நல்லது. 13,000-க்கும் மேற்பட்ட இனங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து. நாமே புதிதாக எண் வைத்தால் ஆண்டறிக்கை அனுப்பும் நாளில் மறுபடி மொழிபெயர்க்க வேண்டிவரும். அந்தப் பட்டியலில் ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தாவுக்கு ஆர்ஏஜி, ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமாவுக்கு ஆர்ஏபி, இனம் பிரிக்காமல் மொத்தமாகச் சொல்ல ஆர்ஏஎக்ஸ். கனகுர்த்தா என்ற சொல் தெலுங்குக் கரையின் பெயர். நம் கானாங்கெளுத்தியை அடுத்த வீட்டுக்காரர் அழைத்த விதம். லத்தீன் பெயரென்று பயப்பட ஒன்றுமில்லை.

மலாயில் கெம்போங் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். வடக்கே தெமெனுங். எனவே பெயர் அட்டவணையில் “கெம்போங்” என்றாலும் “தெமெனுங்” என்றாலும் ஆர்ஏஎக்ஸுக்கே போகும். கணக்கெடுப்பாளர் மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் மட்டும் ஆர்ஏஜி அல்லது ஆர்ஏபி. பார்ப்பது எப்படி? மீனைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். தலையின் நீளம் உடலின் அகலத்தைவிடக் கூடுதலாக, மார்புத் துடுப்பின் கீழ்விளிம்பருகே ஒரு கறும்புள்ளி இருந்தால் கனகுர்த்தா. உடல் அகன்று, தட்டையாக, கைக்குள் அடங்காமல் நின்றால் பிராக்கிசோமா. கறும்புள்ளி ஐஸில் கிடந்து வெளுத்துவிடும். புள்ளியை மட்டும் நம்பாமல் உடல் அகலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த இரண்டு மீன்களின் படங்களும் படிவத்தில் விடைக்குப் பக்கத்திலேயே வரும்.

இனம் பிரிக்காத பதிவைப் பிற்பாடு விகிதம் போட்டுப் பிரிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு இரண்டாவது அட்டவணையில்தான் நடக்கவேண்டும். பலரும் செய்வது, பட்டியலில் முதலில் வரும் இனத்தைத் தேர்ந்துவிடுவது. அப்படி வந்த தரவில் ஓர் இனம் மட்டும் பெருகிக் கிடக்கும். மீன்வள ஆய்வாளர் அதைக் கடலில் நடந்த மாற்றம் என்று படித்துவிடுவார். படிவத்தில் பட்டியல் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரும்படி வைத்ததும், “பார்க்கவில்லை” என்பதை மதிப்புள்ள விடையாகச் சேர்த்ததும் இதற்கு மருந்தாயின.

வாவல் இன்னொரு பொறி. தமிழிலும் வாவல், மலாயில் பாவால். கருப்பு வாவல் பாரை மீன்களின் குடும்பம், வெள்ளை வாவல் வேறு குடும்பம். பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஒரே தொகுதியில் போட்டால் குடும்பவாரி அறிக்கை முழுக்கக் கோணலாகும். தெங்கிரியும் அப்படித்தான்: தெங்கிரி பாத்தாங், தெங்கிரி பாப்பான் இரண்டும் தனித்தனி இனம், விலையும் வேறு. நிறம், உருவம் குறிக்கும் அடைமொழியை வெட்டிவிட்டு முதல் சொல்லை மட்டும் தேடும் நிரல் எழுதவே கூடாது.

தமிழில் தேடுவோருக்காக ஒரு சிறு குறிப்பு. கொடுவா என்று தட்டினால் தளம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. பட்டியலிலோ கொடுவா கண்ணெதிரே இருக்கிறது. காரணம், கொ என்பதன் ஒகரக் குறியை யூனிக்கோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. உள்ளே வரும் எல்லாத் தமிழ் எழுத்தையும் தேடும் முன்பும் சேமிக்கும் முன்பும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிக்கோடு வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுவதை இது தீர்க்காது. அதற்குப் பெயர் அட்டவணையில் மாற்று எழுத்துக்கூட்டலாகத் தனி வரி போட்டோம்.

காலை ஆறு மணியும் கடல் எல்லையும்

மாதக் கணக்கில் முதல் தேதிப் பிடிப்பு நழுவி, முந்தின மாதத்தின் கடைசி நாளில் ஏறியது. தரவுத்தளம் நேரத்தை உலக நேரத்தில் வைத்திருக்கும். மலேசியா அதற்கு 8 மணி முன்னே. மார்ச் 1 காலை 6.30-க்குத் துறைக்கு வந்த படகு உலக நேரத்தில் பிப்ரவரி கடைசி நாள் இரவு 10.30. மற்றத் தொழில்களின் தரவுகளில் இந்தப் பிழை சிறியதாகப் போய்விடும். மீன் விஷயத்தில் முக்கால்வாசிப் படகு காலை 8 மணிக்குள் கரை சேர்கிறது, ஆகவே முழு நாளே நழுவுகிறது. கரையிறக்கத் தேதி என்று, நேரமில்லாமல், உள்ளூர் நாட்காட்டித் தேதியாகத் தனி நெடுவரிசை வைத்தோம். எல்லாத் தொகுப்பும் அதை வைத்தே. முந்தின இரவு புறப்பட்ட தேதி இன்னொரு நெடுவரிசை. இரண்டையும் கலக்கக் கூடாது.

இடக்கணக்கில் முதலில் நேர்ந்தது, எல்லா மீனும் ஜெட்டியில் பிடிபட்டதாக வரைபடம் காட்டியது. படிவத்தில் இடங்காட்டிக் கேள்வி ஒன்றுதான். அது பதிவானது கணக்கெடுப்பாளர் நின்ற இடத்தில். மீன் பிடித்த இடத்தைத் தனியாகக் கேட்டாக வேண்டும். மீனவர் அட்சரேகை சொல்ல மாட்டார். “புலாவ் கெந்திக்கு மேற்கே ஒரு மணி நேரம், பத்து டெப்பா” என்பார். டெப்பா என்பது விரித்த இரு கை நீளம், ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே சொன்னபடியே எழுதி, பக்கத்தில் 10 கோணநிமிடச் சதுரம் ஒன்றை வரைபடத்தில் தொடச் சொல்கிறோம். ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 18.5 கி.மீ. இதைவிடத் துல்லியம் கேட்டால் பொய்யான துல்லியமே கிடைக்கும்.

மீன்பிடி வலயங்கள் கரையிலிருந்து கடல்மைல் கணக்கில் வரையப்படுபவை. மலேசியாவில் நீண்டகாலம் இருந்த பிரிப்பில் 5 கடல்மைல் வரை மரபுவழி மீனவருக்கு, 12 வரை 40 டன்னுக்குக் கீழான இழுவலை, சுருக்குவலைப் படகுகளுக்கு, அதற்கு அப்பால் பெரிய படகுகளுக்கு. எல்லைகள் பின்னர் சில கரைகளில் திருத்தப்பட்டன. எனவே வலயத்தை ஒரே கோடாக வைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரு நெடுவரிசையோடு வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்றைய கோட்டை வைத்துப் பத்தாண்டுக்கு முந்திய படகை அத்துமீறியதாகத் தளம் காட்டும். ஒரு மீனவரின் பெயரோடு ஒட்டும் பிழை அது.

கோடு வரையும்போது அலகில் கவனம். 5 கடல்மைல் 9,260 மீட்டர். கரைக்கோடு பாகை அளவில், 4326 என்ற குறிப்புமுறையில் இருக்கும்போது 9260 என்று கொடுத்தால் போஸ்ட்ஜிஐஎஸ் அதை 9,260 பாகை என்று எடுத்துக்கொள்ளும். வலயம் உலகத்தையே மூடிவிடும். தீபகற்பத்துக்கு 3375 என்ற மீட்டர் முறைக்கு மாற்றி வரைந்து, பிறகு திருப்பவேண்டும். பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை முறையில் இருக்கும். மாற்றாமல் அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விழும். கடலில் தெரியாது, இறங்குதுறைகளைப் போட்டால் ஜெட்டி தரைமேல் ஏறி நிற்பதில் தெரிந்துவிடும்.

தேசிய அளவுக்குப் போகும்போது இன்னொன்று: மலேசியாவின் பிடிப்பு உலகக் கணக்கில் இரண்டு கடற்பரப்பில் விழுகிறது. பினாங்கு உட்பட மேற்குக் கரை 57-ஆம் எண் பரப்பு, கிழக்குக் கரையும் சபா, சரவாக்கும் 71-ஆம் எண் பரப்பு. துறையின் மாநிலத்தை வைத்து இதை முடிவு செய்யாமல் பிடித்த இடத்தை வைத்தே முடிவு செய்யவேண்டும்.

வெறுங்கையோடு வந்த படகு

தளத்தின் மாதாந்திர மொத்தம் மதிப்பீடு. எல்லாப் படகையும் யாரும் நிறுப்பதில்லை. ஒரு படகு ஒரு நாளில் சராசரி எவ்வளவு பிடிக்கிறது என்பதை, மொத்தம் எத்தனை படகு-நாள் கடலுக்குப் போனது என்பதால் பெருக்குகிறோம். எண்ணுக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு மாவட்டத்தில் வழிவலைப் படகு 42. மாதிரி நாட்களில் துறைக்குப் போய் 120 படகு-நாள் பார்த்ததில் 72 கடலுக்குப் போயிருந்தது. இயக்க விகிதம் 0.6. மீன்பிடி நாள் 26. முயற்சி 0.6 × 42 × 26 = 655.2 படகு-நாள். நிறுத்த 48 கரையிறக்கத்தின் மொத்தம் 1,512 கிலோ, சராசரி 31.5. மாதப் பிடிப்பு 20,638.8 கிலோ.

இதில் அந்த 48-இல் 6 படகு வெறுங்கையோடு வந்தவை என்று வைத்துக்கொள்வோம். “மீன் இல்லையே, எதை எழுதுவது” என்று கணக்கெடுப்பாளர் விட்டுவிட்டால் 1,512-ஐ மீதியுள்ள 42 கரையிறக்கத்தால் வகுப்போம். சராசரி 36, மாதப் பிடிப்பு 23,587.2. அதாவது 14.3 விழுக்காடு மிகை, பிடிபடாத மூன்று டன் மீன். மீன் குறையக் குறைய வெறுங்கைப் படகு கூடும், மிகைப் பிழையும் கூடவே வளரும். கடல் வறண்டுகொண்டிருப்பதைத் தளமே மறைத்துவிடும். இதைவிட மோசமான பிழை மீன்பிடித் தரவில் எனக்குத் தோன்றவில்லை. அதனால் படிவத்தின் முதல் கேள்வி “மீன் உண்டா?” அல்ல. “படகு கடலுக்குப் போனதா?” என்பது முதலில், “பிடிப்பு பூஜ்யமா?” என்பது அடுத்து. பூஜ்யம் என்றால் மற்றக் கேள்விகள் மறைந்து, இருபது விநாடியில் படிவம் முடிந்துவிடும். எளிதாக இருந்தால்தான் எழுதுவார்கள்.

கலப்பு மீனில் மாதிரி எடுத்தால் பெருக்குக் காரணியையும் படிவமே பிடித்துவைக்கவேண்டும். 340 கிலோ இழுவலைப் பிடிப்பில் 12 கிலோ அள்ளிப் பிரித்ததில் கெம்போங் 4.2, செலார் 3.0, செலாயாங் 2.4, மற்றவை 2.4 என்றால் காரணி 28.33, கெம்போங் 119 கிலோ. மொத்த நிறையை எழுத மறந்தால் படகு முழுக்க 12 கிலோ பிடித்ததாகிவிடும். பாஜாவை, அதாவது தீவனத்துக்குப் போகும் கழிவு மீனை, மாதிரியில் சேர்க்காமல் தள்ளிவிடுவதும் வழக்கம். அதில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் கிடக்கும். பாஜாவுக்கு மாதிரியும் காரணியும் தனியாகவே இருக்கட்டும்.

வலைக்கு உலகக் குறியீட்டின் எழுத்துகள் உண்டு: சுருக்குவலை பிஎஸ், ஒற்றைப் படகு இழுவலை ஓடிபி, வழிவலை ஜிஎன்டி, கூண்டு எஃப்பிஓ. இரண்டு வலையின் சராசரியைக் கலந்து பெருக்கக் கூடாது. பருவத்துக்கேற்ப வலை மாற்றும் படகுக்கு, பதிவேட்டில் எழுதிய வலையை எடுக்காமல் அன்று இழுத்த வலையைக் கேட்டு எழுதவேண்டும்.

இரட்டைப் பதிவு

இணைப்பு விட்டுவிட்டு வரும் துறையில் ஒரே படிவம் இரண்டு முறை வந்து சேரும். ஓடிகே ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாள எண் தருகிறது. அந்த நெடுவரிசைக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு போட்டால் இரண்டாவது தானே விலகும். இரண்டு பேர் ஒரே படகைப் பதிவதை அது பிடிக்காது. ஒரே படகு, ஒரே துறை, மூன்று மணி நேர இடைவெளிக்குள் இரு பதிவு என்றால் கொடி காட்டும், அழிக்காது. படகு எண்ணில் இடைவெளியை எடுத்து, ஓ எழுத்தா பூஜ்யமா என்பதையும் ஒழுங்குபடுத்திய பிறகே இந்த ஒப்பீடு வேலை செய்யும்.

பொதுமக்களுக்குக் காட்டுவது

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே தேசியத் தளம் தனக்கான வேலியைத் தானே போட்டுக்கொள்ளவேண்டும். மூன்று படகுக்குக் குறைவாக உள்ள எந்தக் கட்டத்தையும் பொதுப் பக்கத்தில் காட்டுவதில்லை. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மாவட்ட மொத்தத்தைக் காட்டினால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே அதே வரிசையில் இன்னொரு கட்டமும் மறையவேண்டும். படகில் இடங்காட்டி இருந்தால் அதன் தடத்தை வெளியே விடுவதே இல்லை. 0.1 பாகைச் சதுரமாக, நம் அட்சரேகையில் ஏறத்தாழ 11 கி.மீ. பக்கமாக, மழுக்கிக் காட்டுகிறோம். ஒரு மீனவர் இருபது ஆண்டு தேடிக் கண்ட பாறையிடத்தைத் தளம் ஒரே நாளில் ஊருக்குச் சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் உண்மை சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது.

வெளியிட்ட ஆண்டுக் கணக்கு உறைநிலையில் தனிப் பதிப்பாக இருக்கும். உள்ளே திருத்தம் தொடரலாம். வெளியே மாறினால் பதிப்பு எண்ணும் மாறவேண்டும். இரவு நகல் வேறு கட்டடத்துக்குப் போகிறது. மாதம் ஒரு முறை அதை வெற்றுக் கணினியில் மீட்டு, வரி எண்ணிக்கையைச் சரிபார்க்கிறோம்.

பழைய தாள்களை ஏற்றும் வேலை கடைசியாக வந்தது. படகுவாரிப் படிவம் கிடைத்த ஆண்டுகளை இருவர் தனித்தனியே தட்டி, நிரல் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத கட்டத்தை மட்டும் மூன்றாமவர் தாளோடு பார்க்கிறார். மாத மொத்தம் மட்டுமே கிடைத்த ஆண்டுகளைப் படகு அட்டவணைக்குள் திணிக்கவில்லை. தனி அட்டவணை, தனி நிறம். இரண்டு முறையும் சந்திக்கும் ஆண்டில் கோட்டுப்படத்தின் கோடு அறுந்து நிற்கும். அந்த இடைவெளியை இணைத்து வரையும் வசதி கோட்டுப்பட மென்பொருளில் இயல்பாகவே இயங்கும்படி இருந்தால், அதைத் தேடி நிறுத்திவைக்கவேண்டும்.